பலகையில் வழிந்த நல்லெண்ணெய்

அருள்பாண்டி அண்ணன் மாட்டுத்தாவணியில் பூக்கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அவர் விட்டதே இல்லை. போன வருடம் என்னைப் பார்க்க நார்வேக்கு வந்தபோது, கடலோரத்தில் விறகு எரித்துச் சூடேற்றும் சவுனாவுக்கு அழைத்துப் போனேன். அந்த மர அறையில் உட்கார்ந்து நன்றாக வியர்த்ததும், குளிர்ந்த கடலில் குதிக்க வேண்டும். அன்றும் சனிக்கிழமை. அண்ணன் தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் பலகையெல்லாம் வழிந்தது.

"இவர் உங்களோடு வந்தவரா?" என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள். திங்கட்கிழமை அவளை அலுவலகத்தில் பார்த்தாக வேண்டுமே என்ற பயத்தில், "இல்லை" என்று சொல்லிவிட்டேன். அந்த அளவுக்கு ஆங்கிலம் அண்ணனுக்குப் புரியும். அவர் தன் துண்டால் பலகையைத் துடைத்துவிட்டு, தனியாகக் கடலில் இறங்கினார்.

இந்த விடுமுறையில் கோச்சடை வீட்டில் சாப்பிடும்போது மதினி அந்தப் பேச்சை எடுத்தார்.

"எண்ணெயும் கையுமா வெள்ளக்காரய்ங்க நடுவுல போயி ஒக்காந்தீகளே, வெரட்டலயா?"

"எல்லாப் பேரும் மொறச்சாய்ங்கதேன்," என்றார் அண்ணன். "தம்பி எந்திரிச்சு, 'இவரு என் கூடப் பெறந்த அண்ணே'ன்னான். அம்புட்டுத்தேன், ஒருத்தனும் வாயத் தொறக்கல."

மதினி பெருமையாக என்னைப் பார்த்தார். "அப்படியா தம்பி?"

நான் தட்டைப் பார்த்தபடி, ஆமாம் என்று தலையாட்டினேன்.