அலாஸ்கா ஓர்க்கிட்

எழுபதுகளில் வெளிநாட்டில், லிட்கம் என்ற புறநகரில், என் பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து எஞ்சினியர் இருந்தார். வீட்டிலும் டை கட்டியிருப்பார். அலாஸ்காக் கடற்கரையில் காட்டுச்செடியாய் முளைக்கும் ஓர்க்கிட் பூச்செடி ஒன்றை எப்படியோ தருவித்து, வேரடியில் ஐஸ்கட்டி வைத்து வளர்த்தார். வருகிறவர்கள் அதைப் புகழ்ந்த பிறகுதான் தேத்தண்ணி வரும். நாங்களும் புகழ்ந்து தொலைத்தோம்.

குளிர்காலத்தில் இலைகள் காய்ந்தன. செடி செத்துவிட்டதென்று சட்டியோடு குப்பைவாளியில் போட்டார்.

"அண்ணை, அடியிலை கிழங்கு உயிரோடை இருக்கும். ராசவள்ளிக் கொடி காய்ஞ்சால் கிழங்கு செத்துப்போகுமோ?" என்றேன்.

"ராசவள்ளியோ? அது ஊர்ச் சனம் தின்னுற சாமான். இது ஓர்க்கிட், காணும்."

ராசவள்ளிக் கஞ்சி குடித்து வளர்ந்த உடம்பு அவருடையது. தன் அருமைப் பூவும் கிழங்கிலிருந்துதான் முளைக்கிறது என்று ஒப்புக்கொள்வதைவிட, அது செத்துப்போவதே அவருக்கு மரியாதையாகப் பட்டிருக்கிறது.