புளியமரத்தில் ஒளிந்திருந்த ஈஸ்வரி

கோபாலுக்கு மரத்தைப் பார்க்கத்தான் தெரியும்; படத்தைப் பார்க்கத் தெரியாது. புளியமரம் பிஞ்சு விடும்போதே அண்ணாந்து ஒரு நோட்டம் விட்டு, "இது நாலு மூட்ட தரும்" என்பார். உலுக்கி எடுத்தால் அநேகமாக அவர் சொன்னதுதான் இருக்கும். ஜவ்வாது மலையில் தன்னை விட்டால் ஆளில்லை என்ற கர்வம் மனிதருக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

திருப்பத்தூரில் போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் மகன் வெற்றிச்செல்வன், பெற்றோரின் கல்யாண நாளுக்கு ஒரு படம் செய்து போனில் அனுப்பினான். அவர்கள் கொல்லையில் நிற்கும் புளியமரம்தான். கிளைக்கும் தழைக்கும் நடுவே அம்மாவின் முகத்தை ஒளித்து வைத்து, 'அப்பா கண்டுபிடிக்கட்டும்' என்று கீழே எழுதியிருந்தான். வீட்டில் கலகம் மூட்ட அந்தப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை போலும்.

ஈஸ்வரி பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். எங்கே என்று சொல்லாமல் போனைப் புருஷனிடம் நீட்டினாள்.

கோபால் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "வடக்குப் பக்கக் கெள பட்டுப்போச்சு. இந்த வருசம் அங்க காய் புடிக்காது" என்றார்.

"நான் எங்க கீறேன்னு கேட்டா காய் கணக்கு சொல்றீங்களே."

ஈஸ்வரி அவரை 'நீ' என்றுதான் பேசுவாள். மரியாதை கொடுக்க ஆரம்பித்தால் கோபம் என்று அர்த்தம். அன்று மரியாதை வழிந்தது. "சாப்பிடுங்க." "படுங்க." மனிதர் ஆடிப்போய்விட்டார்.

மறுநாள் ஜமுனாமரத்தூர் சந்தையில் படத்தைப் பார்த்த டீக்கடை ராஜாக்கண்ணு வழி சொன்னார்.

"படத்த தூரமா வெச்சி, கண்ண பாதி மூடிப் பாருண்ணா."

அப்படியே பார்த்தார். கிளைகளுக்கு நடுவே ஒரு முகம் சட்டென்று எழும்பியது. வாய் நிறையச் சிரிப்போடு யாரோ ஒரு வயசுப்பெண். கோபாலுக்குப் பகீரென்றது. பாவிப்பயல், ஸ்டுடியோவுக்கு வந்த எவளையோ மாற்றி ஒட்டிவிட்டானா? இதை வெளியில் சொன்னால் ஈஸ்வரி சும்மா விடுவாளா? வாயைப் பொத்திக்கொண்டு, மீதி மரத்தில் பெண்டாட்டியைத் தேட ஆரம்பித்தார். இலை இலையாகத் தேடினார்.

சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தபோது ஈஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வுடுங்க. இத்தன வருசம் கூடவே இருந்தும் என் மூஞ்சி உங்களுக்குத் தெரியல. அவ்ளோதான்."

கோபத்தில் சொல்லியிருந்தால் கோபால் தாங்கியிருப்பார். அவள் குரல் கம்மிவிட்டது.

"தேடாம இல்ல ஈஸ்வரி. எவளோ ஒரு பொண்ணுதான் தெரியறா, சிரிச்சினு. சொன்னா நீ வைவேன்னு கம்முனு இருந்தேன். உன்னத்தான் காணோம்."

ஈஸ்வரி அவரையே பார்த்தாள்.

"அது நான்தான்யா. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அம்மா வூட்ல எடுத்த போட்டோ."

"இந்தச் சிரிப்ப நீ எனக்கு எங்க காட்டின? கல்யாணத்தன்னிக்கி குனிஞ்ச தல நிமிரல. அப்புறம் நிமிந்ததெல்லாம் என்ன திட்டறதுக்குத்தான்."

முறைக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. குபீரென்று சிரித்துவிட்டாள்.

கோபால் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார். அதே வாய், அதே கன்னம்.

"அட, நீதான்" என்றார்.