துரைசானியின் நாய்க்குப் பச்சைக் கறி

நாய்க்குத் தீனி போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். எச்சில் இலையில் மிஞ்சியதைத் தின்று வளர்ந்த நாய்களை மட்டுமே பார்த்தவர்கள் அவர்கள். சேந்தமங்கலத்தில் நானும் அந்த மாதிரி நாய்களோடு வளர்ந்தவள்தான். கல்யாணமாகிக் கொல்லிமலைக்கு வந்த பிறகுதான், பச்சைக் கறியைப் பொடியாகக் கொத்தி விரலில் எடுத்து நீட்டினால் மட்டும் தின்னும் ஒரு சீமை நாயிடம் மாட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் மலைமேல் வாழவந்தி நாட்டில் ஒரு வெள்ளைக்கார துரையின் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். எங்களுக்குக் கொடுத்திருந்த வீடு தோட்டத்துக்குள் இல்லை, பக்கத்து ஊரின் கடைசித் தெருவில் இருந்தது. துரையின் மனைவி துரைசானிக்கு அப்போது நிறைமாதம். மலைக் காய்ச்சலுக்குப் பயந்து, பிரசவத்துக்குச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு. துரையும் கூடவே போகிறார். புறப்படும் நாளில் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, அந்த நாயை என் மடியில் வைத்தாள்.

இரண்டு உள்ளங்கையையும் சேர்த்தால் அதற்குள் உட்கார்ந்துவிடும். தாய் அவர்கள் ஊர் மடிநாய், தகப்பன் சேலத்துத் தெருவில் திரிந்த ஏதோ ஒன்று. ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடங்கிக் கிடக்கும். "சோறு நோ. பால் நோ. ஆட்டுக் கறி, பச்சை. கொஞ்சம் கொஞ்சம்" என்று துரைசானி தனக்குத் தெரிந்த தமிழில் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். முன்பு ஒருமுறை பட்லர் பாசத்தில் பால் சோறு ஊட்டி, அது ரத்தம் ரத்தமாகக் கழிந்து சாகக் கிடந்ததாம். பச்சைக் கறி ஒன்றுதான் அதன் குடலுக்கு ஒத்துக்கொள்ளும் என்று மாட்டு வைத்தியர் சொல்லிவிட்டாராம். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மனசுக்குள், 'அடக் கொடுமையே, மனுஷனுக்கே மாசம் ஒருநாள் கறி, இதுக்குத் தினமுமா?' என்று ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முந்தின பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. தொட்டில் காலியாகக் கிடந்த நாட்களில் அவளிடம் வந்து சேர்ந்த நாய் இது. "நான் வரும்போது இது வேணும்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். வெள்ளைக்காரியாவது கறுப்பியாவது, வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி கையைப் பிடித்து அழுதால் என்ன செய்வது? "உசுரோட உங்க கையில குடுக்கறேனுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக் குணம்.

கறிக்குக் குறையில்லை. தோட்டத்துச் சுமைக்காரர் ஒருவர், மலைக்காரர்தான், அடிவாரத்திலிருந்து தினமும் தேக்கிலையில் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். நான் அதற்கென்றே ஒரு பழைய அரிவாள்மனையை ஒதுக்கி வைத்து, மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு கொத்துவேன். பிறகு பழகிவிட்டது. அது தின்று முடித்து என் விரலை ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தம் செய்யும். சனியன், அந்த நக்கலில்தான் என்னை வளைத்துப் போட்டுவிட்டது.

அப்போதுதான் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள்.

காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கும் நாள்வரை ஊருக்குள் கறி கூடாது, ரத்தம் கூடாது. கறி ஆக்கிய சட்டியைக்கூட ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். காப்பின்போது ஊருக்குள் இருந்தவர் யாரும் எல்லையைத் தாண்டி வெளியே ராத் தங்கக் கூடாது. இதெல்லாம் எனக்கும் தெரியும், எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் அங்கே இப்படி ஒரு நாய் கிடையாது.

சுமைக்காரர் வேப்பிலைத் தோரணம் கட்டிய எல்லைக் கல்லோடு நின்றுவிட்டார். "இதுக்கு மேல ஒரு எட்டு எடுத்து வெக்கமாட்டேனுங்க அம்மிணி. ஆத்தா கண்ணக் குத்திப்போடுவா" என்று அங்கிருந்தே கத்தினார். காப்புக் கட்டிய முந்தின நாளும் கறி வரவில்லை. நாய் அடுப்பங்கரையில் அரிவாள்மனைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. கறிதானே உள்ளே வரக் கூடாது? நாய் வெளியே போகலாமே! இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போனேன். கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஊட்டினேன். ஓடைத் தண்ணீரில் கையைத் தேய்த்துக் கழுவி, அதன் வாயையும் துடைத்து, திரும்பி வந்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாம் முறை அப்படித் திரும்பும்போது, பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். அவள் பொல்லாதவள் இல்லை. அவள் பிள்ளைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். அந்தப் பிள்ளைக்காகத்தான் அவள் கையில் காப்புக் கட்டி, ஒருவேளைச் சாமைக் கஞ்சியோடு விரதம் இருந்தாள். நாய் நாக்கைச் சுழற்றி மூக்கை நக்குவதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது. சாயங்காலம் என் வீட்டுக்காரரையும் என்னையும் கோயில் முன்னால் கூப்பிட்டார்கள்.

"கறி ஊருக்குள்ள வந்துச்சாமா?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார்.

"வரலீங்க. எல்லைக்கு அந்தாண்டயே ஊட்டிட்டு வந்தேன். வேணும்னா சூடம் அடிச்சுச் சத்தியம் பண்றேன்" என்றேன்.

"வந்துச்சுங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "நாய் வவுத்துக்குள்ள வந்துச்சுங்க!"

கூட்டம் சலசலத்தது. நான் யோசிக்காத வாசல் அது. என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "பேசாம இரு, பேசாம இரு" என்று முணுமுணுத்தார். இரு என்றால் இருப்பவளா நான்?

"அப்படிப் பார்த்தா, காப்புக் கட்டறதுக்கு மொத நாள் மூக்கு முட்டத் தின்னவங்க வவுத்துலயும்தானுங்க கறி இருந்துச்சு. அவங்களையெல்லாம் வெளியில தொரத்துனீங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை. "நாய் கறி தின்னணும்னா எல்லைக்கு வெளியிலயே இருக்கட்டும். காப்பு அவுந்த பொறவு கூட்டிக்க" என்றார். வெளியில் என்றால் ராத்திரியும் வெளியில். அந்த வாரம்தான் ஓடைக்கரையில் சிறுத்தைக் கால்தடம் பார்த்ததாக ஊரே பேசிக்கொண்டிருந்தது. சிறுத்தைக்கு நாய் என்றால் பலகாரம். கூட இருந்து காக்கலாம் என்றால் நான் வெளியே ராத் தங்கக் கூடாது. துரை பங்களாவும் பூட்டிக் கிடந்தது, பட்லரும் அவர்களோடு சேலத்துக்குப் போய்விட்டார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. கோயில் பக்கம் கையை நீட்டிக் கத்தினேன்.

"கடைசி நாள் கெடா வெட்டி உங்க ஆத்தா பச்சை ரத்தந்தானே குடிக்கிறா? அவளுக்குக் காச்சிக் குடுக்கறீங்களா, வறுத்துக் குடுக்கறீங்களா? அவ குடிக்கலாம், இந்தக் கையகல நாய் தின்னக் கூடாதா?"

என் வீட்டுக்காரர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். அத்தனை பேரும் பூசாரியைப் பார்த்தார்கள். அம்மன் இறங்குவது அவர் மேல்தான், அந்த ரத்தத்தைக் குடிப்பதும் அவர்தான். அவர் கோபப்படவில்லை.

"நெசந்தான் அம்மிணி. ஆத்தா பச்சையாத்தான் குடிக்கிறா. ஆனா காப்புக் கட்டுன நாள்லருந்து அவளும் பட்டினிதான். பச்சத் தண்ணிதான். நம்ம கூட அவளும் இருக்கறா" என்றார். பிறகு, "நாயும் அப்பிடி இருக்கும்னா ஊருக்குள்ளயே இருக்கட்டும். யாரும் தொடமாட்டாங்க" என்றார்.

வெளியே சிறுத்தை, உள்ளே பட்டினி. நாயை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

காப்பு அவிழ இன்னும் நாலு நாள் இருந்தது. பெரிய நாய் தாங்கும். இது எத்தனை நேரம் தாங்கும்? சோறோ பாலோ கொடுத்தால் ரத்தமாகப் போகும். மலைத்தேனைத் தண்ணீரில் கரைத்துப் பஞ்சில் தொட்டு வாயில் விட்டேன். முதலில் நக்கியது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. காலையில் எல்லைக் கல்லிலிருந்து சுமைக்காரர், "அம்மிணி, கறி இருக்குதுங்க, வாரீங்களா?" என்று கூவுவார். ஒவ்வொரு தடவையும் நான் நாயைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போவேன். ஒருநாள் கல்லு வரைக்கும் போய்விட்டேன். முன்பு நான் ஊட்டிய இடத்தில், கறியின் ஈரம் சொட்டிய மண்ணை ஏதோ நகத்தால் பிறாண்டிப் போட்டிருந்தது. பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குச் சிறுத்தைத் தடம். ஓடாத குறையாகத் திரும்பினேன்.

அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை. விரதம் எல்லாம் இல்லை, சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். அங்கே சேலத்தில் துரைசானிக்கு வலி எடுத்திருக்குமோ, இங்கே இது போய்விட்டால் அந்த நேரமே அங்கேயும் ஏதாவது ஆகிவிடுமோ என்று கண்டதையும் நினைத்து நடுங்கினேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்று, "இன்னும் மூச்சு இருக்குதா?" என்று கேட்டாள். "உன் புண்ணியத்துல இருக்குது" என்று எரிந்து விழுந்தேன். அவள் ஒரு கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தேனை வைத்துவிட்டுப் போனாள். அவள் பிள்ளை உள்ளே இருமுவது கேட்டது.

கடைசி நாள் உச்சிப் பொழுதில் கிடா வெட்டு. நாயைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். தலை என் முழங்கையில் துவண்டு கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. பூசாரிக்கு அருள் வந்துவிட்டது. கிடா விழுந்தது. இரண்டு கையிலும் ரத்தத்தை ஏந்திக்கொண்டு நிமிர்ந்தார். அதை அவர் குடித்தால்தான் ஆத்தாள் விரதம் முடிந்தது, ஊரின் விரதமும் முடிந்தது. விரதக்காரர்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் குடிக்கவில்லை. உடம்பெல்லாம் ஆட, கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னை நோக்கி வந்தார். ஆட்கள் விலகினார்கள். அன்றைக்கு ஆத்தாளைப் பேசிய பேச்சுக்குக் கணக்குத் தீர்க்க வருகிறாள் என்றே நினைத்தேன். என் முன்னால் வந்து குனிந்து, கையிலிருந்ததை நாயின் வாயோரம் சரித்தார்.

"முதப் பங்கு ஆத்தாளுக்குங்க சாமி!" என்று ஊர்க்கவுண்டர் பதறினார்.

பூசாரி வாயிலிருந்து பெண் குரல் வந்தது. "எனக்குப் பசி பொறுக்கும்டா. இது பச்சக் கொழந்த."

பம்பை நின்றுவிட்டது. ரத்தம் நாயின் வாயோரமாக வழிந்து என் புடவையில் இறங்கிக்கொண்டிருந்தது. அது அசையவில்லை. "நக்கு சாமி! நக்கித் தொலை, என் கண்ணு!" என்று நான் அலறினேன். பக்கத்து வீட்டுக்காரி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நக்கு, நக்கு" என்று கூடவே சொன்னாள். துணிக்குள் ஏதோ துடித்தது. நாக்கின் நுனி வெளியே வந்தது. ஒருமுறை உள்ளே போய், மறுபடியும் வந்து, அவர் விரலைத் தேடியது.

அது போதும் என்று தலையைத் திருப்பிக்கொள்ளும் வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை. அப்புறம்தான் மிச்சமிருந்ததைத் தன் வாயில் வைத்துக்கொண்டார். அத்தனை பேர் பார்க்க, நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.