பிரவுண் பேப்பர் போட்ட தலைவர்கள்

1. பின் அலுமாரி

கொழும்பு வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகிற காலி வீதியைப் பார்த்தபடி இருக்கிற புத்தகக் கடை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி சிவா அண்ணை கடையைச் சுற்றிக் காட்டினார். முன்னுக்கு அப்பியாசக் கொப்பிகள். நடுவில் பாஸ்ட் பேப்பர் என்கிற பழைய சோதனை வினாத்தாள்கள். அதற்கு அங்கால் ஐந்தாம் ஆண்டுப் புலமைப் பரிசில் சோதனைக்கான வழிகாட்டிகள். எல்லாவற்றுக்கும் பின்னால், நாங்கள் சாப்பாட்டுப் பார்சல் வைக்கிற மூலையில், ஒற்றை அலுமாரி ஒன்று நின்றது.

அதில் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகள், கலவரங்களைப் பற்றிய ஆய்வுகள், பேச்சுவார்த்தைகள் ஏன் முறிந்தன என்று எழுதியவை, பெற்றோல் வரிசைக் காலத்தில் ஆட்சி ஆடிப்போனதைப் பற்றிப் புதிதாக வந்தவை என்று நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. நான் அரசறிவியல் படித்தவள். பட்டம் முடிந்ததும் ஒரு அலுவலகத்தில் யாரும் வாசிக்காத அறிக்கைகளைத் திருத்திக்கொண்டிருந்து அலுத்துப்போய் இங்கே வந்திருந்தேன். அந்த அலுமாரியைக் கண்டதும் வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

"இத ஆர் பார்க்கிறது அண்ணை?"

"ஒருத்தரும் பார்க்கிறேல்ல. வாற ஆக்கள் வருவினம், எடுப்பினம், போவினம்."

"நான் பார்க்கட்டா?"

"பாருங்கோ பிள்ளை. ஆனா ஒண்டு சொல்லிப் போட்டன். ஸ்கூல் சீசன் தொடங்கினா அந்த இடம் எனக்கு பாஸ்ட் பேப்பருக்கு வேணும். அதுக்கு முதல் இந்த ஸ்டொக் ஓட வேணும். ஓடாட்டி பெட்டியில கட்டித் திருப்பி அனுப்புறதுதான்."

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருகிற செல்வின் அண்ணாதான் கடையின் மூத்த சேல்ஸ்மன். என் பட்டத்துக்கு மரியாதை செய்கிறாராம், முதல் நாளிலிருந்தே என்னை மெடம் என்றுதான் கூப்பிடுவார். "மெடம், அது செத்தவீடு மாதிரி மூலை," என்றார். "சத்தம் போடாம வருவாங்க, சத்தம் போடாம போவாங்க. நீங்க கைவைக்காதீங்க."

அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

2. ஷோகேஸ்

புத்தகம் ஓடாததற்குக் காரணம் அது கண்ணில் படாததுதான் என்பது என் கணிப்பு. இதைவிடச் சுலபமான கணக்கு உண்டா? அடுத்த கிழமையே ஷோகேஸில் இருந்த ஸ்கூல் பேக்குகளையும் பிளாஸ்டிக் பூகோள உருண்டையையும் எடுத்துவிட்டு, தலைவர்களைக் கொண்டுபோய் முகம் தெரிய நிறுத்தினேன். ஆண்டவர்கள், ஆளப் பார்த்தவர்கள், கவிழ்த்தவர்கள், கவிழ்ந்தவர்கள் எல்லோரும் இரண்டு தட்டில் காலி வீதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காலியான பின் அலுமாரியில் வழிகாட்டிகளை அடுக்கினோம்.

சனம் நின்றது, அதைச் சொல்ல வேண்டும். போனில் படம் எடுத்தார்கள். கண்ணாடியில் விரல் வைத்துச் சண்டை பிடித்தார்கள். வெளியில் ஓட்டோவை நிறுத்திவிட்டு நிற்கிற திறீவீல்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "நங்கி, எயாவ யட்டின் தியன்ன," என்றார் சிங்களத்தில். தனக்குப் பிடிக்காதவரைக் கீழ்த் தட்டில் வைக்கட்டாம். வைத்தேன். வெள்ளைச் சேர்ட் போட்ட இன்னொருவர் வந்து, அதே ஆளை ஏன் கீழே வைத்தாய் என்று என்னோடு சண்டைக்கு ஏறினார். பின்னேரம் திறீவீல்காரர் திரும்பி வந்து, தன் வெற்றி நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

எல்லாம் நடந்தது. விற்பனை மட்டும் நடக்கவில்லை. செல்வின் அண்ணா குடைக்காரர் என்று சொல்லுகிற ஒருவர், முந்தி மாதத்துக்கு இரண்டு தரமாவது வருகிறவராம், பம்பலப்பிட்டியில் ஏதோ கணக்காளர் அலுவலகத்தில் வேலை, நேரே பின்மூலைக்குப் போனார். அங்கே ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் வழிகாட்டிகளைப் பார்த்தார். குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"என்ன பிள்ளை, கடைக்கு வெளியில பாராளுமன்றம், உள்ளுக்கு ஒருத்தரும் இல்ல," என்றார் சிவா அண்ணை. சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது.

3. நீலப் பேனை

சுமதி களுபோவில ஆஸ்பத்திரியில் தாதி; தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். ஊர் மலையகத்தில் ஹட்டன் பக்கம். டியூட்டி முடிந்து வரும்போது கால் நோகுதென்று சொல்லிக்கொண்டே பின் அலுமாரிக்கு முன்னால் நின்றபடி வாசிப்பார். ஒருநாள் என்னிடம் வந்து மெதுவாக, ஆட்சி கவிழ்ந்த கதை ஒன்று புதிதாக வந்ததாமே, இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. ஆனால் ஷோகேஸில் இருந்தது. அங்கேயிருந்து ஒரு புத்தகம் எடுப்பதென்றால் செல்வின் அண்ணா செருப்பைக் கழற்றிவிட்டு, சின்னக் கதவால் குனிந்து கண்ணாடிக்குள் ஏற வேண்டும். ஏறினார். உள்ளேயிருந்து கடை முழுவதும் கேட்கிற மாதிரிக் கத்தினார்:

"மிஸ்ஸி, எந்த ஆட்சி கவிழ்ந்தது? இந்த மீசைக்காரரா, அந்தச் சால்வைக்காரரா?"

கொப்பி வாங்க நின்ற தகப்பன்மார் இரண்டு பேர் திரும்பினார்கள். "சால்வைக்காரரக் கவிழ்த்ததே மீசைக்காரர்தானே," என்றார் ஒருவர். "கவிழ்த்தவராம். நீர் கண்டனீரோ?" என்றார் மற்றவர். பிறகு இருவரும் ஒன்றாக மிஸ்ஸியைப் பார்த்தார்கள். "நீங்க சொல்லுங்கோ மிஸ்ஸி, நீங்க ஆற்ர ஆள்?"

சுமதி மிஸ்ஸி கவுண்டரைப் பார்த்தார். "ஒரு நீலப் பேனை தாங்க," என்றார். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

செல்வின் அண்ணா சால்வைக்காரரைக் கையில் பிடித்தபடி கண்ணாடிக்குள் முழங்காலில் நின்றார். நான் மிஸ்ஸியின் பின்னாலேயே ஓடினேன்.

4. பஸ் ஹோல்ட்டில்

"மிஸ்ஸி, விலை கூடவா?"

"இல்ல மிஸ், விலையெல்லாம் பரவாயில்ல." பஸ் வருகிற பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இப்ப அங்க நடந்தது இருக்கே, அது எனக்கு வார்டுல தினமும் நடக்கும். புத்தகத்த டியூட்டி ரூம் மேசையில வச்சா போதும். அட்டையில இருக்குற ஆளப் பாத்துட்டு, என்ன ஒரு கட்சியில சேத்துடுவாங்க. ஒருத்தர் கைகொடுப்பாரு, இன்னொருத்தர் மூஞ்சத் திருப்பிக்குவாரு. நான் பாதி கூட வாசிச்சிருக்க மாட்டேன். அந்த ஆளு நல்லவரா கெட்டவரான்னு தெரிஞ்சுக்கத்தானே வாங்குறேன்."

"பயமா காரணம்? யுத்த காலத்தில செக் பொயின்ட்டில புத்தகத்தப் புரட்டிப் பார்த்ததெண்டு எங்கட அப்பா சொல்லுவார்."

"பயமும் இருந்திச்சிங்க, அப்ப. இப்ப அது இல்ல. இப்ப வேண்டியது கொஞ்சம் நிம்மதி. உங்க பின் அலுமாரியில அது கிடைச்சிச்சு. நின்னு பாப்பேன், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. வீட்டுக்குக் கொண்டு போய் பழைய கலண்டர் தாளால உறை போட்டுத்தான் வெளிய எடுப்பேன்."

பஸ் வந்தது. ஏறும்போது பேனையைக் காட்டி, "இது எனக்குத் தேவையே இல்ல," என்று சிரித்தார்.

நான் கடைக்குத் திரும்பி நடந்தேன். நாலு வருஷம் பல்கலைக்கழகத்தில் மோதல், தலைமைத்துவம், நெருக்கடி என்று சோதனை எழுதினேன். இவற்றைப் பற்றி எழுதிய புத்தகங்களை ஒரு மனுஷி பஸ்ஸில் எப்படிக் கையில் பிடிப்பாள் என்று ஒரு கேள்வி கூட வரவில்லை.

5. உறை

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சீசனில் அவசரப்படுகிற பெற்றோருக்குப் பிள்ளைகளின் புத்தகங்களைப் பிரவுண் பேப்பரில் உறை போட்டுக் கொடுப்போம். அதில் செல்வின் அண்ணாவை மிஞ்ச ஆளில்லை. ஒட்டாமல், ஸ்டேப்ள் அடிக்காமல், மடிப்பிலேயே நிற்கும்.

"அண்ணை, தலைவர்களைத் திரும்பப் பின் அலுமாரியில வச்சு, அந்த உறையை அவைக்கும் போட்டால் என்ன?" என்று கேட்டேன்.

சிவா அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலைவர்மாருக்கு ஸ்கூல் கவரா? சரி, போட்டுப் பாருங்கோ. ஆனா முதல்ல என்ர பூகோள உருண்டைய அதுன்ர இடத்தில வையுங்கோ."

அன்றைக்கே தலைவர்கள் பின்மூலைக்குத் திரும்பினார்கள், முகம் தெரியாமல், முதுகு மட்டும் காட்டிக்கொண்டு. பக்கத்தில் சின்னதாக எழுதி வைத்தேன்: கேட்டால் உறை போட்டுத் தரப்படும்.

குடைக்காரர்தான் முதலில் கேட்டார். செல்வின் அண்ணா பழக்க தோஷத்தில் உறைக்கு மேலே பெயர், தரம், பாடம் என்று அச்சடித்த லேபலையும் ஒட்டிவிட்டார். நான் உரிக்கப் போனேன். குடைக்காரர் தடுத்தார். கவுண்டரில் வைத்தே பெயரை எழுதி, பாடம் என்ற இடத்தில் 'சமயம்' என்று எழுதினார். பேச்சுவார்த்தை முறிந்த கதையைச் சொல்லுகிற புத்தகம் அது.

அதோடு அது பரவிவிட்டது. ஐம்பது தாண்டிய மனுஷர்கள் லேபலோடுதான் வேண்டும் என்று நின்றார்கள். கணிதம் என்று எழுதினார்கள், சுகாதாரம் என்று எழுதினார்கள். "மெடம், நான் இவ்வளவு காலத்துக்கு ஒரு கள்ளச் சாமானும் வித்ததில்ல," என்றார் செல்வின் அண்ணா, மடித்துக்கொண்டே. "இப்ப வயசான காலத்தில உங்களால தொடங்கியாச்சு." ஒருநாள் தெஹிவளைக்குப் போகிற ரயிலில் ஒருவர் பிரவுண் பேப்பர் போட்ட புத்தகம் வாசிப்பதைக் கண்டேன். மூலை மடிப்பைப் பார்த்ததும் எங்கள் கடை என்று தெரிந்தது. பக்கத்திலிருந்தவர் என்ன புத்தகம் என்று கேட்டார். "மகளின்ர," என்றார் அவர், தாளைத் திருப்பியபடி.

சுமதி மிஸ்ஸியும் ஆட்சி கவிழ்ந்த கதையை உறையோடு கொண்டுபோனார். சீசனுக்குப் பாஸ்ட் பேப்பர் பெட்டிகள் வந்து இறங்கிய அன்று திரும்பி வந்தார். சிவா அண்ணை பெட்டிகளுக்கும் என் அலுமாரிக்கும் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றார். பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. ஆனால் மிச்சம் இன்னும் இருந்தது.

"முடிச்சிட்டீங்களா மிஸ்ஸி?" என்றேன். "அப்ப, அவர் நல்லவரா, கெட்டவரா?"

"இன்னும் விளங்கல மிஸ். அதே ஆளப் பத்தி, அவரப் பிடிக்காத யாராவது எழுதினது இருக்கா?"

இருந்தது. மேல் தட்டில் இரண்டு.

சிவா அண்ணை பெருமூச்சு விட்டார். "செல்வின், பாஸ்ட் பேப்பர மாடிப்படிக்குக் கீழ அடுக்கும். பிள்ளை, அந்தப் பப்ளிஷருக்கு கோல் எடுத்து இன்னொரு செட் அனுப்பச் சொல்லுங்கோ."

புதிதாகப் புத்தகக் கடை வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: அரசியல் புத்தகம் வாங்குகிறவர் எல்லாம் ஒரு முடிவோடு வருகிறார் என்று நினைக்காதீர்கள். முடிவெடுக்காமல் இருக்கக் கொஞ்சம் இடம் தேடி வருகிறவர்தான் திரும்பத் திரும்ப வருகிறார். அந்த இடத்தை ஒழுங்காக வைத்திருப்பதுதான் எங்கள் வேலை.

அன்று இரண்டு புத்தகத்துக்கும் நானே உறை போட்டேன். செல்வின் அண்ணாவின் மடிப்பு எனக்கு இன்னும் சரியாக வராது. லேபலில் பெயரை எழுதிவிட்டு, பாடம் என்ன போட என்று கேட்டேன்.

"அத விடுங்க," என்றார் சுமதி மிஸ்ஸி. "வாசிச்சு முடிச்சிட்டு நானே எழுதிக்கிறேன்."