அண்ணர் திருத்திய பிறந்தநாட்கள்

எங்கள் அண்ணர் காரைநகரில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஐயா காலமானபோது அவர் படிப்பை நிறுத்திவிட்டு, யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் அச்சுப் பிழை பார்க்கும் ஒப்புநோக்குபவராகச் சேர்ந்தார். பின்னர் செய்தி ஆசிரியரானார். எங்கள் நால்வரையும் படிப்பித்தது அந்தச் சம்பளம்தான். பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாளே திருத்தம் போடவேண்டும், அதையும் பிழை வந்த அதே பக்கத்தில் போடவேண்டும் என்பது அவர் கொள்கை.

போரில் அச்சகம் மூடப்பட்டபின், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அண்ணியுடன் கடல் கடந்து, ஹில்ஸ்பரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இங்கே பொதிகள் பிரிக்கும் வேலைதான் கிடைத்தது. அதற்காக அவர் முகம் சுழித்ததை நான் பார்த்ததில்லை. சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து நகர மையத்து நூலகத்துக்குப் போவார். பஞ்சாங்கம் பற்றித் தேடியவரின் கையில் மாயன் நாட்காட்டி பற்றிய புத்தகம் அகப்பட்டது. விலங்கு, செடி முதலான இருபது நாட்பெயர்களும் பதின்மூன்று எண்களும் இரண்டு பல்சக்கரங்கள்போலச் சேர்ந்து சுழலும் கணக்கு அது. "எங்கட அறுபது வருஷச் சக்கரத்துக்கு இது ஒண்டுவிட்ட தம்பி" என்பார். அதன்பின் எங்கள் சாப்பாட்டு மேசையில் சோற்றுக்கு இடம் குறைந்தது.

ஒரு பொங்கல் விழாவில், கேட்டவர்களுக்கெல்லாம் அவரவர் பிறந்த திகதிக்குரிய மாயன் நாளைக் கணித்துக் கொடுத்தார். அண்ணிக்குக் குரங்கு வந்தது. நகரின் இன்னொரு பக்கமான ஹென்டர்சனில் வான் வண்டியில் மரக்கறி விற்கும் தவத்துக்குச் சிறுத்தை வந்தது. அடுத்த கிழமையே தவத்தின் வான் கதவில் பெரிய சிறுத்தைப் படம் ஏறிவிட்டது.

அதன்பிறகுதான் அண்ணர் தன் பிழையைக் கண்டார். மாலையில் பேனாவை எடுத்தால் மறுநாள் திகதியை எழுதுவது பத்திரிகைக்காரர் பழக்கம், பத்திரிகை காலையில்தானே வாசகர் கைக்குப் போகிறது? அதே பழக்கத்தில், அன்றைய நாளுக்குப் பதிலாக மறுநாளின் மாயன் பெயரை வைத்துப் பின்னோக்கி எண்ணியிருந்தார். எல்லோருக்கும் ஒரு நாள் பிசகிவிட்டது.

முதல் திருத்தம் வீட்டிலேயே நடந்தது.

"நீர் குரங்கில்லை. நாய்."

"குரங்கெண்டு எல்லாரும் ஒரு கிழமை சிரிச்சது போதாதே? இஞ்சேருங்கோ, இனிமேல் என்ரை பக்கம் எண்ண வேண்டாம்!" என்றார் அண்ணி.

பிறகு வீடு வீடாகப் போனார். தவம் வீட்டுக்கு மட்டும் மூன்று முறை போயும் சொல்ல வாய் வரவில்லை. சிறுத்தைக்கு முந்திய நாள் நாணல். வானைத் துடைத்துக்கொண்டு நிற்பவனிடம் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு முறையும் தேநீர் குடித்துவிட்டு, ஒரு பை கத்தரிக்காயுடன் திரும்பினார். "திருத்தம் போடாமல் போகப்போறன் பிள்ளை" என்று என்னிடம் பலமுறை வருந்தினார்.

இதயம் தளர்ந்து அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தவம் பார்க்க வந்தார். அண்ணர் எழுந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நீர் சிறுத்தையில்லை. நாணல். பிழை என்னுடையது."

"ஓம் அண்ணை, தெரியும். எல்லா வீட்டுக்கும் சொன்னனீங்கள், எங்களுக்குக் காதில விழாதே? மூண்டு தரம் வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனீங்கள். எப்ப சொல்லுவார் எண்டு நானும் மனுசியும் பாத்துக்கொண்டிருந்தம்."

"அப்ப ஏனடாப்பா படத்தை எடுக்கேல்லை?"

"திருத்தம் ஆசிரியரல்லோ போடவேணும்!"

அண்ணர் சிரித்த சிரிப்பில் தாதி எட்டிப் பார்த்தார். அந்தக் கிழமையே, அண்ணி பக்கத்தில் இருக்க, அண்ணர் அமைதியாகக் கண்மூடினார்.

அவரைப் பராமரித்த தாதிமாருக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குப் பாத்திரங்கள் ஏற்றி இறக்கிய தவத்துக்கும் நன்றி. அவர் வானில் சிறுத்தை இருந்த அதே கதவில் இப்போது நாணல் நிற்கிறது. வாங்க வருபவர்கள் அதை வெங்காயத்தாள் என்று நினைக்கிறார்கள். தவம் ஒவ்வொருவரையும் நிறுத்தித் திருத்துகிறார்.