வெட்டுக்கிளியின் இடது கை

அந்தச் சலூன்காரருக்கு நண்பர்கள் வைத்த பெயர் வெட்டுக்கிளி. வாரத்தில் ஆறு நாள் முடி வெட்டுவார், ஏழாம் நாள் பைக்கில் மண்மேடு தாண்டுவார். இரண்டுக்கும் ஒரே பெயர் போதுமென்று விட்டுவிட்டார்கள்.

தாண்டுவதற்கு இடம், மூடிக்கிடந்த ஒரு கல்குவாரி. அங்கே காவல் வேலை பார்த்தவர் அவருடைய மனைவியின் அண்ணன். சலூன் விடுமுறையான செவ்வாய்க்கிழமை காலையில் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, "ஒன்பது மணிக்குள்ள கிளம்பிடணும் மாப்ள. என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதே" என்பார். சொல்லிவிட்டு, மேட்டின் மேல் நின்று கைதட்டுவதும் அவர்தான்.

அன்று மேட்டிலிருந்து எழும்பிய வண்டி கோணலாக இறங்கியது. சரளைக்கல்லில் முன்சக்கரம் வழுக்க, வெட்டுக்கிளி பத்தடி தூரம் பறந்து, தலையும் இடது தோளும் தரையில் மோத விழுந்தார். ஹெல்மெட் உயிரைக் காப்பாற்றியது. எழுந்துகூட உட்கார்ந்துவிட்டார். ஆனால் இடது கை வேறு யாருடையதோ போலத் தொங்கியது.

மச்சான் ஓடி வந்தார். ஹெல்மெட்டையும் முழங்கால் கவசத்தையும் கழற்றிப் புதருக்குள் எறிந்த பிறகுதான் அவரைக் காரில் ஏற்றினார்.

"குவாரின்னு வாயைத் திறந்துடாதே. கடையில ஃபேன் துடைக்க ஏணியில ஏறினே, வழுக்கி விழுந்துட்டே. சரியா?"

வலியில் வெட்டுக்கிளி தலையாட்டினார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலிருக்கும் காறையெலும்பு முறிந்திருந்தது. "ஏணி எவ்வளவு உயரம்?" என்றார் டாக்டர். "ஆறடிங்க" என்று மச்சான் முந்திக்கொண்டார். கையைக் கழுத்தோடு தொங்கக் கட்டி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

இரண்டு வாரம் கழித்தும் மச்சான் கூடவே போனார். அங்கே இருந்தது வேறொரு டாக்டர். விரல் அசையவில்லை, தொட்டால் தெரியவில்லை என்று வெட்டுக்கிளி சொன்னதும் அவர் சீட்டைப் புரட்டினார்.

"ஏணியிலிருந்துதானே விழுந்தீங்க? வேற அடி எதுவும் இல்லையே?"

"இல்லைங்க" என்றார் மச்சான்.

"அப்போ வீக்கத்தால இருக்கலாம். பார்ப்போம். அடுத்த மாசம் கட்டாயம் வாங்க."

அடுத்த மாதம் வெட்டுக்கிளி போகவில்லை. போனால் அதே பொய்யை மறுபடி சொல்ல வேண்டும். எலும்புதான் கூடிவிட்டதே, கை தானாக வந்துவிடும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். கடையைத் திறந்து ஒற்றைக் கையால் முயன்றும் பார்த்தார். வெட்டுவது வலது கைதான். ஆனால் முடியைத் தூக்கிப் பிடிக்க இடது கையில் சீப்பு நிற்க வேண்டுமே. பழைய வாடிக்கையாளர் ஒருவர் பாதித் தலையோடு எழுந்து, "பரவாயில்லப்பா, அப்புறம் வரேன்" என்று துண்டை மடித்து வைத்துவிட்டுப் போனார். அந்தப் "பரவாயில்லப்பா" அவரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

பத்து மாதம் கழித்து மனைவிதான் பிடித்த பிடியாக அழைத்துப்போனாள். பிசியோதெரபிப் பிரிவில் இருந்த பெண் அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, சூம்பிப்போன தோளைப் பார்த்தாள். ஊசிமுனையால் விரல்களைக் குத்தினாள். பிறகு அவருடைய இடது கண்ணிமை லேசாகச் சரிந்திருப்பதைக் கவனித்தாள்.

"நீங்க ஏணியிலிருந்து விழலை" என்றாள். "வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவங்களுக்குத்தான் பெரும்பாலும் கையோட சேர்ந்து கண்ணிமையும் இப்படி விழும். உண்மையைச் சொல்லுங்க."

சொன்னார். மனைவி பக்கத்தில் நின்று முதன்முறையாகக் கேட்டாள். கடையைச் சுத்தம் பண்ணப் போகிறேன் என்று அவர் கிளம்பிய செவ்வாய்க்கிழமைகளெல்லாம் ஒவ்வொன்றாக விளங்குவது அவள் முகத்தில் தெரிந்தது.

நரம்பு மருத்துவர் சுற்றிவளைக்காமல் சொன்னார். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் வேரோடு பிய்ந்திருந்தன. "ஆறு மாசத்துக்குள்ள வந்திருந்தா வேற நரம்பை எடுத்து இணைச்சுப் பார்த்திருக்கலாம். முழங்கையாவது மடங்க வாய்ப்பு இருந்திருக்கும். இப்போ தசையே செத்துப் போச்சு. மூட்டு இறுகாம இருக்கப் பயிற்சி பண்ணுங்க."

அதற்குள் குவாரியை யாரோ வாங்கி, காவலுக்குத் தங்கள் ஆளையே வைத்துவிட்டார்கள். எந்த வேலைக்காக அந்தப் பொய்யோ, அந்த வேலையும் போயிருந்தது.

ஒருநாள் மச்சான் பழப்பையோடு வீட்டுக்கு வந்தார். தங்கை தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தா இவருக்குக் கை இருந்திருக்கும்ணே."

"நான் மட்டுமா சொன்னேன்? அவன் என்ன பச்சைக் குழந்தையா? அவனும்தானே தலையாட்டினான்!"

அந்த ஆளை மனதாரத் திட்டுகிற பாக்கியத்தையும் வெட்டுக்கிளியிடமிருந்து அந்த ஒரு தலையாட்டல் பிடுங்கிக்கொண்டிருந்தது.

"பழத்தை எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே" என்றாள் மனைவி.

கடையை இப்போது வேறொருவர் நடத்துகிறார். வெட்டுக்கிளி அங்கேயே வாசலருகே உட்கார்ந்து, வருகிறவர்களை வரிசைப்படி அனுப்புகிறார். தினமும் காலையில் மனைவி அவருடைய இடது கையை மடியில் வைத்து, விரல் விரலாக மடக்கி நீட்டுகிறாள். இருபது தடவை. எண்ணிக்கையைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. அவள் தொடுவது அவருக்குத் தெரிவதுமில்லை.