மஞ்சள் சீட்டில் எழுதிய ஆட்சேபம்

பொறியியல் முடித்துவிட்டுச் சட்டமும் படித்த என்னை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையத்தின் சென்னை அலுவலகத்தில் மூன்று வருட ஒப்பந்தத்தில் இளநிலைச் சட்ட அலுவலராக எடுத்தார்கள். முடிவில் நிரந்தரம் செய்வார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள். அது மேலதிகாரி தரும் அறிக்கையைப் பொறுத்தது. நிரந்தரமானால் செய்ய வேண்டியவற்றை மயிலாப்பூர் விடுதி அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டியிருந்தேன். ஒன்று, கோட்டூர்புரத்தில் வாடகைக்கு வீடு. இரண்டு, அம்மாவை அழைத்து வருவது.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேலதிகாரி சொல்வதை ஒப்புக்கொண்டால், கோப்பின் குறிப்புத் தாளில் பேனாவால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மஞ்சள் ஒட்டுச் சீட்டில் எழுதி ஓரத்தில் ஒட்ட வேண்டும். அவர் படித்துவிட்டுக் கிழித்துவிடுவார்; தாளில் அப்போதும் அவர் சொன்னதையே எழுதிக் கையெழுத்திட வேண்டும். கோப்பு மேலே போகும்போது எல்லோருக்கும் ஒரே கருத்து இருக்கும்.

தியாகராய நகர்ப் பங்குத் தரகர் ஒருவர்மீது விசாரணை நடந்தது. வெளியே தெரியாத தகவலை வைத்துப் பங்கு வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. வர்த்தகப் பதிவுகளை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். சுருக்கம் கொடுத்தால் போதும் என்றார் என் மேலதிகாரி. பதிவுகளைக் கொடுக்காவிட்டால் நம் ஆணை மேல்முறையீட்டில் நிற்காது என்பதற்கு மூன்று காரணங்களை வரிசையிட்டு அவரிடம் போனேன்.

"இதையெல்லாம் நோட்ல ஏத்திண்டிருந்தா ஃபைல் எப்பம்மா நகரும்? சீட்டுல போட்டுக் குடு, பாக்கறேன்."

காரணத்துக்கு ஒன்றாக மூன்று சீட்டுகள் ஒட்டினேன். பதிவுகளைத் தரத் தேவையில்லை என்று குறிப்புத் தாளில் என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கோப்புகளை மாடிக்குக் கொண்டுபோகும் உதவியாளர், ஓய்வுபெறும் வயதில் இருந்தவர், என் மேசையருகே நின்றார்.

"இன்னா மேடம், அவனவன் ஒரு சீட்டு ஒட்டுவான், நீ தோரணமே கட்டிக்கீறே. சாரு அல்லாத்தையும் பிச்சிட்டாரு. ஃபைலு இப்ப மொட்டையா கீது."

நானும் சிரித்தேன்.

தரகருக்கு எதிரான ஆணையை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. பதிவுகளைக் காட்டாமல் விசாரித்ததுதான் காரணம். இது யாருடைய யோசனை என்று தலைமையகம் கேட்டது. தாளில் இருந்தது என் கையெழுத்து. மேலதிகாரியின் அறைக்குப் போனேன்.

"நான் பதிவைக் குடுக்கணும்னு எழுதியிருந்தேனே சார்."

"எங்க எழுதின?"

"சீட்டுல."

"சீட்டெல்லாம் ரெக்கார்டாம்மா? லா படிச்சவதானே நீ?"

குரலை அவர் உயர்த்தவே இல்லை. எனக்கும் சேர்த்துக் காபி சொன்னார். அவர் சொன்னது சட்டப்படி சரி என்பதுதான் இன்றைக்கும் எரிகிறது. அடுத்தவர்கள் கொண்டுவரும் ஆதாரத்தில் ஓட்டை தேடுவதே என் வேலையாக இருந்தது. என் ஆதாரத்தை மட்டும் ஒருவர் கிழித்துப் போடக் கொடுத்திருந்தேன்.

நிரந்தரப் பட்டியலில் நான் இல்லை. அவர் பதவி உயர்வில் மும்பைக்கு மாறினார். போவதற்கு முந்தைய வாரம் என்னைக் கூப்பிட்டார்.

"உன் ரிலீவிங் ஆர்டரை நீயே டிராஃப்ட் பண்ணிடேன். உனக்குத்தான் ஃபார்மட் அத்துப்படி."

மறுக்கலாமா என்று யோசித்தேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன். என் பணிக்கு நன்றி சொல்லும் வழக்கமான கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டேன். அவர் அதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டார்.